பத்துக்கு மட்டும் அடித்த மணி

இந்த அறைக்கு நான் வந்து பதினொரு மணி நேரம் ஆகிறது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக் என்கிறது. ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்டூலும் ஸ்க்ரூடிரைவரும் கொடுத்தால் நானே முடுக்கிவிடுவேன். சத்தம் போடுகிற கோளாறு நல்ல கோளாறு. எங்கே இருக்கிறேன் என்று அதுவே சொல்லிவிடும்.

நீங்கள் பேசச் சொன்னபோது எனக்குப் பேச வரவில்லை, மேடம். திமிர் இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதுகூடக் கையைத்தான் தூக்குவேன். அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். எழுதி முடித்ததும் நானே வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். சரி. என்ன செய்தாய், ஏன் செய்தாய், இந்த வழி உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். முதலிரண்டையும் விவரமாக எழுதுகிறேன். மூன்றாவது சின்ன விஷயம். இடமிருந்தால் கடைசியில் எழுதுகிறேன்.

நான் இயற்பியல் படித்தவள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் கணினி அறை வேலை கிடைத்தது. கணினி அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து. முன்பு அங்கே துடைப்பங்கள் இருந்தன. மாடியில் ஒரே நீளக் கூடம், ஒன்பது கட்டில்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும்.

மணி என் யோசனை. கட்டிலுக்கு ஒரு சிறிய பெட்டி பொருத்தி, பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு பெட்டியும் தன் கட்டிலில் இருப்பவரின் அளவை நிமிடத்துக்கு ஒருமுறை தன் பெயரிலேயே ஒரு கோப்பில் எழுதும். கீழே என் கணினி அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அளவு எண்பத்தெட்டுக்குக் கீழே போனால், அல்லது கிளிப் கழன்றுபோனால், மாடியில் சிஸ்டர் மேசை மேல் மணி அடிக்கும், எந்தக் கட்டில் என்ற எண்ணும் அங்கே தெரியும்.

எந்தெந்தக் கோப்பைத் திறப்பது என்று கணினிக்குச் சொல்ல ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. வரிசை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள்தான் அதன் பெயர். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் அந்தப் பெயரையும், ஒன்று, ஒன்பது என்ற இரண்டு எண்களையும் தட்டினால், ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டு நின்றுவிடும். அதற்குத் தெரிந்தது அது மட்டும்தான். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்காது. உன்னால் முடியுமா பாப்பா என்று கேட்காது. அந்த இல்லத்தில் நான் பழகியவர்களிலேயே அதைத்தான் அதிகம் மதித்தேன்.

பிற்பகலில் கூடத்துக்கு ஒரே ஒரு சிஸ்டர். பெரிய சிஸ்டர் என்பார்கள். உருவத்திலும் பெரியவர். அவர் படியேறினால் என் அறையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். மணி வைத்த முதல் வாரம் இறங்கி வந்து என் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம் பாப்பா, காலிக் கட்டிலுக்கெல்லாம் மணி அடிக்குதே. அங்க என்ன பேயா படுத்திருக்கு? ஓடி ஓடி எம் முட்டியே தேஞ்சுபோச்சு."

ஆள் இல்லாத கட்டிலில் பெட்டியை அணைத்துவிடுவார்கள். அப்போது கோப்பு இருக்காது. கோப்பு இல்லையென்றால் மணி அடிக்கும்படி நான் எழுதியிருந்தேன்.

"மாத்திடுறேன் சிஸ்டர்."

"மாத்திடு கண்ணு. இல்லேன்னா அடுத்த கட்டில் எனக்குத்தான் போடணும்."

மாற்றினேன். கோப்பு இல்லாவிட்டால் பேசாமல் அடுத்த எண்ணுக்குப் போ என்று எழுதினேன். இது அவர் கேட்டுச் செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறு ஆண்டு என் அம்மாவுக்கு மூச்சு மோசமானது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அண்ணன் கடல் தாண்டி வேலையில் இருக்கிறான். மேலாளரிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு இரண்டு போன் வந்துபோனது.

"ஒன்பதுக்கே இடம் மூச்சு முட்டுதேம்மா" என்றார். பிறகு தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் புண்ணியத்தில் பத்தாவதாக ஒரு கட்டில் போட ஒப்புக்கொண்டார். கதவோரம், கழிப்பறைக்கு அடுத்தாற்போல.

பெரிய சிஸ்டருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. "அங்க படுத்தா ஆளுங்க போக வர உங்கம்மாவுக்குத் தூக்கமே வராது கண்ணு. இரு" என்று சொல்லிவிட்டு, நான்காம் கட்டிலில் ஜன்னலோரம் இருந்த தாத்தாவிடம் போனார். நாளெல்லாம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர். குறுக்கெழுத்துத் தாத்தா என்பதே அவர் பெயர். யாருக்காக நீங்கள் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்களோ அவர்தான்.

"தாத்தா, அந்தப் பத்துக்கு மாறிக்கிறீங்களா? நம்ம கம்ப்யூட்டர் பொண்ணோட அம்மா வராங்க."

"பாத்ரூம் பக்கமா? என் வயசுக்கு அதான் ஜன்னல். கெளம்பு" என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார். "மூணெழுத்து. திருப்பிப் படிச்சாலும் அதே. என்ன, சொல்லு பாப்போம்."

நான் விரல்விட்டு எழுத்துகளை எண்ணுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"தாத்தா. என்னை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நான் நான்தான்."

அம்மா நான்காம் கட்டிலுக்கு வந்தாள். இடத்தை மாற்றியது பெரிய சிஸ்டர். நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஜன்னல் பிடித்திருந்தது. மணியும் பிடித்திருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "இது எம் பொண்ணு எழுதினது. நான் மூச்சு விட மறந்தாலும் அவ மெஷினு மறக்காது" என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக விளையாடிக்கொண்டிருப்பாள். திட்டுவேன். பெரிய சிஸ்டர் அவளுக்குத் தலைவாரிவிடுவார், எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை கூட இருந்தது. "உங்கம்மா வந்த நேரம் பாரு கண்ணு, வார்டே அமைதியா இருக்கு. மணிக்கு வேலையே இல்ல" என்று ஒருநாள் படியில் என்னை நிறுத்திச் சொன்னார்.

அம்மா வந்த ஆறாம் நாள் பிற்பகல், மேலாளருக்காக அச்சு இயந்திரத்துக்கு மை வாங்கிவரப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பெரிய சிஸ்டர் நான்காம் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் கை அவர் கைக்குள் இருந்தது.

"அடிக்கல கண்ணு" என்றார். "மணி அடிக்கல."

எல்லாம் முடிந்த பிறகு மேலாளர் தன் அறையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிஸ்டர் சொன்னதை அவரே தன் கையால் எழுதிக்கொண்டார். அந்தத் தாளை நீங்கள் இப்போது எடுத்துவிட்டீர்கள் என்று தெரியும். சிஸ்டர் அழுதுகொண்டே சொன்னார்.

"பத்துல தாத்தாவுக்குக் கிளிப் நழுவி மணி அடிச்சுது சார். ஓடிப்போய் மாட்டினேன். இருமினாரு, முதுகு தட்டிவிட்டேன். திரும்பிப் பாத்தா இங்க இந்தம்மா... பத்துக்கு அடிச்சுது சார். நாலுக்கு அடிக்கல."

பொய் சொல்பவர்கள் தேவையில்லாத விவரத்தைச் சேர்ப்பார்கள். இருப்பது ஒரே மணி, ஒரே கம்பி. ஒரு கட்டிலுக்கு அடிக்கும், இன்னொன்றுக்கு அடிக்காது என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று நினைத்தேன். கையில் இருந்த கைக்குட்டையை நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். அது கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஏம் பாப்பா, உன் மெஷின் சரியாத்தான் இருக்கா?"

என் அம்மா செத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

"காட்டுறேன் சார். அஞ்சு நிமிஷம் கொடுங்க, தயார் பண்ணிட்டு வரேன்."

கீழே போய்விட்டு வந்தேன். இருவரையும் நான்காம் கட்டிலுக்கு அழைத்துப்போய், கிளிப்பை என் விரலில் மாட்டிக் கழற்றினேன். நிமிடம் திரும்பியதும் மணி அடித்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. பெரிய சிஸ்டர் மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு அடிக்கல" என்றார், மெதுவாக. யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவரை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். "ஆள் கிடைக்கிறதில்லம்மா. பதினாறு வருஷ சர்வீஸ். ஏதோ ஒரு நேரம்" என்றார் மேலாளர். அண்ணனும் போனில் அதையேதான் சொன்னான். "விட்டுடு. அந்தம்மா அம்மாவுக்கு எவ்வளவு செஞ்சாங்க."

அவர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடுவேன் என்று நின்றார். நான் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்ட நான் ஏன் கண்ணு பொய் சொல்லப்போறேன்? அடிச்சிருந்தா ஓடிவந்திருக்க மாட்டேனா? அடிக்கல கண்ணு."

கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அவர் செருப்பைத் தேடிப் போடும் சத்தம் கேட்டது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே வரி. அடித்தது, நான்தான் கவனிக்கவில்லை. இதை அவர் சொல்லியிருந்தால் நானே அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். நாங்கள் இருவரும் இன்றுவரை அந்தப் படியில் நின்று பேசிக்கொண்டிருப்போம். தாத்தா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு வரி சொல்ல ஒரு மனுஷிக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன்? கோபம் என்றால் கத்துவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குக் கத்த வராது. என் கோபம் வேலைக்குப் போனது. காலையில் எனக்கு முன்னால் எழுந்தது, என்னோடு பேருந்தில் வந்தது, அவர் மாடியில் நடக்கும்போதெல்லாம் உதிரும் சுண்ணாம்பை என் மேசையிலிருந்து துடைத்தது. ஐந்து மாதம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

பிறகு ஒரு சோதனை செய்வது என்று முடிவெடுத்தேன். பழிவாங்கல் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அது சரியான சொல் இல்லை. நல்ல சிஸ்டருக்கு மணி எதற்கு? கண் இருக்கிறது, கை இருக்கிறது. மணி இல்லாமல் விட்டுப் பார்த்தால் அவர் நோயாளிகளைப் பார்க்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். பார்க்கிறார் என்றால் நான் நினைத்தது தவறு, விட்டுவிடலாம். இப்படித்தான் யோசித்தேன். யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்பது பேரில் யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

செய்முறை எளிது. அந்தக் கட்டளையோடு ஒரு சின்னக் கோடும் டபிள்யூ என்ற எழுத்தும் சேர்த்தால், எல்லா எண்களையும் ஒரே அகலத்தில் எழுதும். கடைசி எண் பத்து என்றால் அதற்கு இரண்டு இலக்கம். ஆகவே மற்றவற்றுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு 01, 02, 03 என்று எழுதிக்கொண்டு போகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கட்டிலருகே இருக்கும் பெட்டி 4 என்ற பெயரில்தான் கோப்பு எழுதுகிறது. கணினி 04 என்ற கோப்பைத் தேடும். அப்படி ஒன்று கிடையாது. கோப்பு இல்லாவிட்டால் பேசாமல் அடுத்ததற்குப் போ. ஒன்பது கட்டில்களையும் இப்படியே தாண்டி வந்து, பத்தாவதை மட்டும் திறந்து பார்க்கும். பத்தை எப்படி எழுதினாலும் பத்துதான். திரையில் தவறு என்று எதுவும் வராது. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும்.

பெரிய சிஸ்டர் வேலைக்கு ஏறியதும் அந்த எழுத்தைச் சேர்த்தேன். அவர் இறங்கும்போது அழித்தேன். மூன்று பிற்பகல்கள்.

முதல் நாள் ஏழாம் கட்டிலில் இருந்த ஒரு அம்மாவுக்கு ஆக்சிஜன் முகமூடி நழுவியது. கோப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தாறு. மேலே கூரை அதிர்ந்தது. அடுத்த நிமிடம் தொண்ணூறு. மணி அடிக்காமலேயே போய்ச் சரிசெய்திருக்கிறார். அன்று மாலை நான் கூடத்துக்குப் போனபோது அந்த அம்மா சொன்னார்: "சிஸ்டருக்கு முதுகுலயும் கண்ணு இருக்கும்மா."

நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். அறிவியல் படித்தவர்கள் ஒரு தடவையை வைத்து முடிவுக்கு வரமாட்டார்கள்.

இரண்டாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெட்டிகளின் தூசி துடைக்க மாடிக்குப் போனேன். அம்மா போன பிறகு தாத்தா தன் ஜன்னலுக்கே திரும்பியிருந்தார். பத்தாம் கட்டிலில் இப்போது ஒரு லாரி ஓட்டுநர். தாத்தா என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன கம்ப்யூட்டர், எம் மூச்சை நீதானே எண்ற? எத்தனை ஆச்சு?"

"எண்ணிக்கிட்டே இருக்கேன் தாத்தா."

"எண்ணு எண்ணு. உங்கம்மா சொன்னாங்க, நீ எழுதினா தப்பே வராதாம். அந்த தைரியத்துலதான் இங்க நான் கண்ண மூடுறேன்."

துடைத்துவிட்டு இறங்கினேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஓட்டுநர் பீடி பிடிக்கக் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அவர் பத்து, அதனால் மணி அடித்தது. பெரிய சிஸ்டர் அவரைப் படிக்கட்டில் பிடித்துவிட்டார். என் தலைக்கு மேலேதான் பேச்சு.

"ஒரே ஒரு இழுப்பு சிஸ்டர்."

"இழுத்தா நீதான் போய்ச் சேருவ. நட, நட. உம் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லணும்."

"அவளுக்கே நான் பதில் சொன்னதில்ல, நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

ஓட்டுநர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. சிஸ்டர் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, முகமூடி மாட்டி, கிளிப் மாட்டினார். பன்னிரண்டு நிமிடம் ஆனது என்று பிறகு கணக்குப் பார்த்தேன்.

அந்த நேரம் என் திரையில் நான்காம் கோப்பு திறந்திருந்தது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்தேழில் அடித்திருக்க வேண்டும். அந்தக் கட்டளைக்குப் பின்னோக்கியும் எண்ணத் தெரியும். சொன்ன இடம் வந்ததும் நின்றுவிடும். இது நிற்கவில்லை. எண்பத்தொன்று. எழுபத்து நான்கு. அந்த எழுத்தை அழிக்க ஒரு விசை போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது. சிஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு நிறைய வாய்ப்புக் கொடுத்தேன். அறுபதுக்குக் கீழே கிளிப்பே சரியாகப் படிக்காது. அதன் பிறகு வந்த எண்களை நான் நம்பவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

மேலே சிஸ்டர் அலறியபோது எழுத்தை அழித்தேன்.

இதுதான் நான் செய்தது. ஏன் என்பதையும் எழுதிவிட்டேன்.

தாத்தாவின் மகள் புகார் கொடுத்தார், நீங்கள் வந்தீர்கள். உங்களிடமும் பெரிய சிஸ்டர் முதலில் அதையேதான் சொன்னார். பத்துக்கு அடிச்சுது, நாலுக்கு அடிக்கல. நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள், நான் கிளிப்பைக் கழற்றிக் காட்டினேன், மணி அடித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்துபோனது. "அடிச்சிருக்கும் மேடம்" என்றார். "எனக்குத்தான் காது கேக்கல போல."

பிறகு என்னிடம் வந்தார். கூடத்தின் நடுவில், எல்லார் முன்னாலும், அந்தப் பெரிய உடம்பை வளைத்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவையும் நான்தான் கண்ணு கொன்னிருக்கேன். அடிச்சிருக்கு, என் காதுல விழல. உன்னையும் பொய்க்காரியாக்கினேன். என்னை மன்னிச்சிடு."

ஐந்து மாதம் நான் காத்திருந்த வரி. அவர் கண்ணீர் என் விரல்களுக்கு நடுவே ஓடியது. நான் எதிர்பார்த்த எதுவும் எனக்குள் நடக்கவில்லை. பசித்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

நீங்கள் அவரைக் காது மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மேலாளரின் பழைய தாளை வாங்கி, புதிய வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ஐந்து மாத இடைவெளியில், இரண்டு சாவுக்கும், ஒரே வாக்கியம். என் கணினியைத் திறக்க வைத்து, மூன்று பிற்பகல்களில் அந்த எழுத்து வந்துபோன பதிவையும் எடுத்துவிட்டீர்கள். அப்புறம்தான் என்னிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டீர்கள். யாரும் யோசிக்காத வழியாயிற்றே, உனக்கு எப்படித் தெரிந்தது?

தாளில் இடம் இருக்கிறது.

மேலே, அந்த எழுத்தைச் சேர்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். திருத்திக்கொள்ளுங்கள், மேடம். திரும்பச் சேர்த்தேன்.

மணிக்கான கட்டளையை எழுதிய முதல் நாளே அந்த எழுத்தைப் போட்டிருந்தேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்தே வந்த பழக்கம். எண்கள் ஒரே அகலத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். கட்டில்கள் ஒன்பதாக இருந்தவரை அது ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் ஒற்றை இலக்கம், எதன் முன்னாலும் பூஜ்யம் வராது. அம்மா வந்த அன்று ஒன்பதை அழித்துப் பத்து என்று தட்டினேன். சந்தோஷத்தில் இருந்தேன். அம்மாவின் பையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை.

மேலாளர் அறையில் சிஸ்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னாரே, பத்துக்கு அடித்தது, நாலுக்கு அடிக்கவில்லை என்று, அதைக் கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்பவருக்கு அப்படி ஒரு விவரம் கிடைக்காது. நான் கேட்ட ஐந்து நிமிடத்தில் ஒரு கோட்டையும் ஒரு எழுத்தையும் அழித்தேன். நான்கரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மாவைக் கதவோரம் பத்திலேயே விட்டிருந்தால் அடித்திருக்கும். ஜன்னலோரம் மாற்றியது சிஸ்டர். அவரை வெறுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன். மற்றதை மறந்தும் போனேன். மறந்துபோனேன் என்றுதான் இந்த வரிக்கு முந்திய வரி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை.

அந்த ஆறாம் நாள், மை வாங்கக் கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் கிளிப்பைக் கழற்றி என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். ரொம்ப நேரமாகவே கழற்றி வைத்திருந்தாள் போல.

"என்னடி, உன் மணி சும்மா இருக்கு?"

"விளையாடாதம்மா. மாட்டு."

"நெசமாத்தான்டி. அடிக்கல."

"அடிக்கும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

அவள் விரலைப் பிடித்துக் கிளிப்பை நானே மாட்டிவிட்டேன். கொஞ்சம் அழுத்தமாகவே மாட்டினேன். கோபம் வந்திருந்தது எனக்கு. என் அம்மாவே என் வேலையைச் சந்தேகப்படுகிறாள் என்று. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

எழுதி முடித்துவிட்டேன், மேடம். மற்றவற்றை எப்படியாவது வாசித்துவிடுவேன். இந்தக் கடைசி வரிக்குத்தான் பயந்தேன். பெரிய சிஸ்டரையும் உள்ளே கூப்பிடுங்கள், அவர் காதுக்கு நன்றாகக் கேட்கும்.

அம்மாவுக்கு மணி அடிக்கவில்லை.